கேள்வி - பதில்: மக்காச்சோள நாட்டு செனட்டர்

கேள்வி: அமெரிக்க செனட்டர் சக் கிராஸ்லி விவசாயத்துக்காகவும் காற்றாலைக்காகவும் பேசுகிறார், அரசுக் கட்டுப்பாடுகள் குறைய வேண்டும் என்றும் சொல்கிறார். ட்ரம்ப் கட்சியில் இருந்துகொண்டு இதெல்லாம் எப்படி?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: அவருடைய அயோவா மாநிலத்தைப் பார்த்தால் புரிந்துவிடும். அமெரிக்காவில் மக்காச்சோளம் அதிகம் விளைவது அங்கேதான். விளைச்சலில் பாதிக்கு மேல் எத்தனால் ஆலைக்குப் போகிறது, அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்திலும் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது. அந்த ஊரில் விவசாயம் வேறு, எரிசக்தி வேறு இல்லை. மக்காச்சோளத்துக்கு நடுவே காற்றாலை நிற்கும், அதைச் சுற்றி ஜல்லி கொட்டிய சின்ன வட்டத்தை விட்டுவிட்டு மீதி நிலம் முழுக்க உழுது விதைப்பார்கள், மழை பொய்த்தாலும் விலை சரிந்தாலும் காற்றாலைக்காரர் தரும் வாடகை வந்துவிடும்.

காற்றாலை மின்சாரத்துக்கு யூனிட் கணக்கில் வரிச்சலுகை தரும் ஏற்பாட்டை 1992 சட்டத்தில் கொண்டுவந்தவரே கிராஸ்லிதான். 2025 ஜூலையில் ட்ரம்பின் பெரிய வரி மசோதா அந்தச் சலுகையைச் சீக்கிரமே முடிக்க வழி செய்தது. அதற்கு இவரும் ஆதரவாகவே வாக்களித்தார், அது எனக்கு வருத்தம்தான். ஆனால் அடுத்த மாதமே, இருக்கிற சலுகையை விதிகளைச் சொல்லி இன்னும் நெருக்கிவிடக் கூடாது என்று செனட் ஒப்புதல் வேண்டிய நிதித்துறை நியமனங்கள் மூன்றை நிறுத்திவைத்தார். சொந்தக் கட்சி அரசை எதிர்த்து 91 வயதில் அப்படி நின்றதை நான் மதிக்கிறேன்.

கேள்வி: கட்டுப்பாடு குறைந்தால் விவசாயிக்கு நல்லதுதானே?
- வாசகி, உடுமலை

பதில்: எந்தக் கட்டுப்பாடு என்று பார்க்க வேண்டும். பெட்ரோலில் எத்தனால் கலந்தே ஆக வேண்டும் என்று 2005-ல் வந்த சட்டமும், அளவை ஏற்றிய 2007 சட்டமும்கூட எண்ணெய் நிறுவனங்கள் மீதான கட்டுப்பாடுதான், அது வேண்டும் என்கிறார் கிராஸ்லி. 15 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைக் கோடையில் பங்க்கில் விற்க நாட்டின் பெரும்பகுதியில் தடை இருக்கிறது, ஆவியாகிக் காற்றைக் கெடுக்கும் என்பது காரணம். 10 சதவீதக் கலவைக்கு இருக்கும் விலக்கு இதற்கு இல்லை, 2022 முதல் ஒவ்வொரு கோடையிலும் அவசர அனுமதி கொடுத்துத்தான் ஓட்டுகிறார்கள். இந்தத் தடையை நிரந்தரமாக நீக்கச் சொல்கிறார், அது நியாயமான கோரிக்கை என்றே நினைக்கிறேன்.

2015-ல் ஒபாமா அரசு கொண்டுவந்த நீர்நிலை விதி இன்னொன்று. மழைக்கு மட்டும் தண்ணீர் நிற்கிற பள்ளம், வயலோரக் கால்வாய் எல்லாம் மத்திய அரசின் பிடிக்குள் போய்விடும் என்று விவசாயிகள் பயந்தார்கள், கிராஸ்லியும் கடுமையாக எதிர்த்தார். 2023-ல் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் அந்த அதிகாரத்தை வெகுவாகச் சுருக்கிவிட்டது. அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன், தன் நிலத்தில் மண்வெட்டி போட வாஷிங்டனிடம் அனுமதி கேட்கணுமா என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். அயோவா வயல்களுக்கு அடியில் மைல் கணக்கில் வடிகால் குழாய்கள் ஓடுகின்றன. உரத்தில் செடி எடுத்தது போக மிச்சமுள்ள நைட்ரேட் அந்தக் குழாய் வழியாக ராக்கூன் ஆற்றில் இறங்கி, தலைநகர் டெமாயினின் குடிநீருக்கு வருகிறது. லிட்டருக்கு 10 மில்லிகிராம்தான் வரம்பு, அதைத் தாண்டினால் கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போகும் ஆபத்து உண்டு. அந்த நகரம் நைட்ரேட்டைப் பிரிக்கவே தனி ஆலை வைத்திருக்கிறது, 2025 கோடையில் அதையும் மீறிப் புல்தரைக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று தடை போட வேண்டி வந்தது. விவசாய நிலத்து வடிநீருக்கு 1972 தூய நீர்ச் சட்டத்திலேயே பெரும்பாலும் விலக்கு உண்டு. 2015-ல் டெமாயின் குடிநீர் வாரியம், அந்த வடிகால்களை நிர்வகிக்கும் உள்ளூர் அமைப்புகளான வடிகால் மாவட்டங்கள் மேல் வழக்குப் போட்டுப் பார்த்தது, 2017-ல் தள்ளுபடி ஆகிவிட்டது. இந்த இடத்தில் இனி குறைக்க என்ன இருக்கிறது?

கெடுபிடி வேண்டாம் என்கிறாரா, சரி. அறுவடை முடிந்த வயலில் ரை என்ற தானியப் பயிரை விதைத்து, நைட்ரேட் ஆற்றுக்குப் போகாமல் பிடித்து வைக்கிற விவசாயிகள் அங்கே இருக்கிறார்கள், விதைக்கும் வேலைக்கும் அவர்களுக்குக் கைக்காசு செலவாகிறது. காற்றாலைக்கு 1992-ல் செய்த மாதிரி, இவர்களுக்கும் நம்பிச் செலவழிக்கிற அளவுக்கு ஒரு சலுகையை அவரே எழுதட்டும்.