நாக்கைத் தூக்கினால் எழும்பி வரும் பல்செட்

பல்செட் கட்டுவதும் அதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுமாக முப்பது ஆண்டு கழித்துவிட்ட மருத்துவர், இந்த இதழில் கணினி வழிப் பல்செட் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: எனக்கு வயது 71. மேலும் கீழும் பல்லே இல்லை. போன தடவை அளவெடுத்தபோது வாய் நிறைய எதையோ வைத்து அழுத்தினார்கள். குமட்டி உயிர் போய்விட்டது. இப்போது பேனா மாதிரி ஒரு கேமராவை வாய்க்குள் சுற்றினாலே அளவு கிடைத்துவிடுமாமே?

மேல் தாடைக்கு ஓரளவு கிடைக்கும். கீழ் தாடைக்கு நான் இன்னும் அதை நம்புவதில்லை.

ஸ்கேனர் முழு வாயையும் ஒரே வீச்சில் படம் பிடிப்பதில்லை. துண்டு துண்டாக எடுத்து, ஒன்றின் ஓரத்தை அடுத்ததோடு ஒட்டுப்போட்டுக்கொண்டே போகும். பல் இருந்தால் அதன் மேடு பள்ளங்கள் அடையாளமாக உதவும். பல் போன ஈறு வழுவழுவென்று, எச்சில் மினுங்க, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி. போதாததற்கு நாக்கு வேறு நடுவில் வந்து எட்டிப் பார்க்கும்.

பெரிய சிக்கல் இதுவல்ல. செட்டின் ஓரம் எங்கே முடியவேண்டும் என்பதை உங்கள் கன்னமும் உதடும் நாக்கும் அசைந்துதான் சொல்லவேண்டும். அளவுத் தட்டின் ஓரத்தில் பச்சைக் காம்பவுண்ட் குச்சியை (சூட்டில் இளகும் மெழுகு போன்ற பொருள்) உருக்கி ஒட்டி, வெந்நீரில் முக்கி, வாயில் வைத்து, "உதட்டைக் குவிங்க, நாக்கை நீட்டுங்க" என்று படுத்துகிறோமே, அது இதற்காகத்தான். இளகிய காம்பவுண்டைத் தசை தள்ளும். தள்ளிய இடம்தான் எல்லை. நிற்கிற உருவத்தை மட்டும் பார்க்கும் கேமராவுக்கு இந்தத் தள்ளல் தெரியாது.

பழைய முறையில் அளவெடுத்து, அந்த அளவை மட்டும் ஸ்கேன் செய்து, மற்ற வேலைகளைக் கணினியில் முடிப்பதுதான் என் வழக்கம். குமட்டல் உண்டு என்று முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, மூக்கால் மூச்சு விடுங்கள். பாதித் தொல்லை குறையும்.

கேள்வி: 'மில்லிங்' செட், 'பிரிண்ட்' செட் என்கிறார்கள். எது நல்லது?

1930களிலிருந்து பல்செட் என்றாலே அக்ரிலிக்தான். தூளும் திரவமும் குழைத்து அச்சில் அடைத்து வேகவைப்போம். இறுகும்போது அதன் கன அளவு 6, 7 சதவீதம் சுருங்கும். மேல் செட்டின் பின்பக்கம் அண்ணத்தை விட்டு லேசாக விலகுவது பெரும்பாலும் இதனால்தான். மில்லிங்கில், தொழிற்சாலையிலேயே அழுத்தத்தில் இறுகி முடிந்த அக்ரிலிக் வட்டைக் கணினி இயந்திரத்தில் கடைந்தெடுக்கிறார்கள். சுருங்கவேண்டியது முன்பே சுருங்கிவிட்டதால் பொருத்தம் நன்றாக வரும். பிரிண்டர் திரவப் பிசினை ஒளியால் இறுக்கி, 50 அல்லது 100 மைக்ரான் அடுக்குகளாக வளர்க்கும். பொருள் வீணாகாது, ஆனால் கழுவி, மறுபடி ஒளியில் வைத்து முழுதாக இறுக்கவேண்டும். வலிமையும் பொதுவாக ஒரு படி குறைவு. வாயில் வைத்துப் பார்க்கும் மாதிரிக்குப் பிரிண்ட், கடைசிச் செட்டுக்கு மில்லிங் என்பது என் கணக்கு.

இரண்டிலும் செட்டின் வடிவம் கணினியில் கோப்பாக மிஞ்சும். என்னிடம் வந்த பெரியவர் ஒருவர் செட்டைக் கைக்குட்டையில் சுற்றி வைத்து, கைக்குட்டையோடு தொலைத்துவிட்டார். அளவே எடுக்காமல் இன்னொன்று செய்துகொடுத்தோம். ஐந்தாறு வருடம் கழித்துத் தொலைத்திருந்தால் அது நடந்திருக்காது. பல் போனபின் தாடை மேடு கரைந்துகொண்டே போகும்; மேலைவிடக் கீழே ஏறக்குறைய நான்கு மடங்கு.

கேள்வி: பல் மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு கிளிக்கில் மென்பொருளே பல் அடுக்கித் தருகிறது. இன்னும் மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டுவைக்கச் சொல்லி ஏன் உயிரை எடுக்கிறார்கள்?

உயிரை எடுப்பவர்களில் நானும் ஒருத்தி. போன வருடம் ஒரு மாணவி திரையில் ஒரு கீழ் செட் வடிவமைத்தாள். பார்க்க அவ்வளவு அழகு. மாதிரியைப் பிரிண்ட் செய்து நோயாளிக்கு மாட்டினோம். "நாக்கைத் தூக்குங்க" என்றேன். செட்டும் கூடவே எழும்பி வந்தது. கடைவாய்ப் பற்கள் நாக்கின் மேல் கவிந்திருந்தன. திரையில் நாக்கு இல்லையே! அந்தப் பெண் மெழுகில் நான்கு பல்லையும் தானே வெளிப்பக்கம் நகர்த்தி, மறுபடி மாட்டிப் பார்த்தபின்தான் கணினிப் பக்கம் போனாள்.

கணினி ஆகாது என்று சொல்லவில்லை. நாங்கள் படித்தபோது செய்ததைக் கொண்டுபோனால், "சரியில்லை, திரும்பச் செய்" என்பார்கள்; எது சரியில்லை என்று சொல்லமாட்டார்கள். இப்போது உங்கள் வேலையை ஸ்கேன் செய்து, சரியான மாதிரிமேல் பொருத்தினால், விலகிய இடமெல்லாம் நிறம் மாறித் தெரியும். கழற்றி மாட்டும் பகுதிச் செட்டில், கோபால்ட் குரோம் கொக்கியின் நுனி பல்லின் பக்கத்தில் 0.25 மில்லிமீட்டர் குழிவில் உட்காரவேண்டும் என்று படித்திருப்பீர்கள். திரை அந்த இடத்தை நிறத்திலேயே காட்டும். அந்தக் குழிவை அளக்கும் கருவியான சர்வேயரில் ஒருமுறை கையால் தேடிவிட்டு வந்து பாருங்கள், அந்த நிறத்துக்கு அர்த்தம் புரியும்.

கேள்வி: ஸ்கேனர் வெளிச்சம் கதிர்வீச்சா? அம்மா பயப்படுகிறார்.

எக்ஸ்ரே இல்லை, வெறும் ஒளிதான், பயம் வேண்டாம். அம்மாவின் பழைய செட் இருந்தால், உடைந்திருந்தாலும் எடுத்துப் போங்கள். அதையும் ஸ்கேன் செய்து, பல் நின்ற இடத்தையும் கடியின் உயரத்தையும் பார்த்துக்கொள்ளலாம்.