அந்த அட்வான்ஸை இப்போது கட்டாதீர்கள், அண்ணாச்சி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நேற்று போனில் நீங்கள் பேசியதில் பாதிதான் காதில் விழுந்தது. கடையில் ஆள் வந்துகொண்டே இருந்தார்கள் போல. ஆனால் "நாளைக்குள்ள அம்பதாயிரம் கட்டுனாத்தான் சீட்டாம், வீட்டுல வளையலக் கழட்டி வச்சிட்டா" என்றது நன்றாகவே கேட்டது. அந்த வளையல் இன்னும் அடகுக்குப் போகவில்லை என்றால், இதைப் படித்து முடிக்கும்வரை பீரோவிலேயே இருக்கட்டும்.

உங்கள் பாப்பாவின் பொறியியல் கட்-ஆஃப் மதிப்பெண் 163. ரேங்க் பட்டியலே இன்னும் வரவில்லை. அதற்குள் அந்தக் கல்லூரிக்காரர் தினமும் மூன்று முறை போன் செய்கிறார் என்றால், அவசரம் அவருக்குத்தான். அரசு ரேங்க் வரிசைப்படி இடம் ஒதுக்கும் கவுன்சலிங் தொடங்கிவிட்டால் நீங்கள் கைநழுவிப் போய்விடுவீர்கள் என்று அவருக்குத் தெரியும்.

ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பிள்ளைகளின் கணக்கைப் பாருங்கள். 2017-இல் கட்டண நிர்ணயக் குழு வைத்த தொகைப்படி, தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவில் கவுன்சலிங் மூலம் வருபவருக்கு ஆண்டுக் கட்டணம் ரூ.55,000. கல்லூரியே நேரடியாகச் சேர்க்கும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் ரூ.87,000. உங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை (மூத்தவன் முடித்தது டிப்ளமோ, அது பட்டம் ஆகாது). அதனால் பாப்பாவுக்கு முதல் பட்டதாரி சலுகை உண்டு. தனியார் கல்லூரியில் ஆண்டுக்கு ரூ.25,000 குறையும். ஆனால் கவுன்சலிங்கில் வந்தால்தான் அது கிடைக்கும். நான்கு வருடத்துக்கு ஒரு பக்கம் 1,20,000, மறுபக்கம் 3,48,000. இது படிப்புக் கட்டணம் மட்டும். ரசீது இல்லாமல் கேட்கும் 'நன்கொடை' தனி; அதை வாங்கக் கூடாது என்று 1992-லேயே சட்டம் போட்டாகிவிட்டது.

7.5 சதவீத இடஒதுக்கீட்டைக் கேட்டீர்கள். அது ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. பாப்பா படித்தது அரசு உதவி பெறும் பள்ளி, அதனால் இல்லை. ஆனால் தமிழ் வழியில் படித்தவள் ஆயிற்றே. அப்படிப் படித்த பெண் பிள்ளைகளுக்கும் உள்ள தமிழக அரசின் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்குக்கே வரும். பஸ் பாஸுக்கும் நோட்டுக்கும் ஆகும்.

இனி கடன். உங்கள் மச்சான் 'மூணு வட்டிக்கு' ஏற்பாடு செய்கிறேன் என்றாராம். மூன்று வட்டி என்பது வருடத்துக்கு 36 சதவீதம், அண்ணாச்சி. வங்கியில் கல்விக் கடன் பத்து சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். ரூ.7.5 லட்சம் வரை சொத்து அடமானம் வேண்டாம். "பத்திரம் கொண்டு வா" என்று கிளையில் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கிடையாது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும், இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. விடுதியும் சேர்த்து வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் வாங்கினால், தவணை தொடங்கும் நாளில் அது ஏறக்குறைய 5,40,000 ஆகியிருக்கும். பத்து வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 7,100. படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் (முதல் வருடம் மாதம் 830 சொச்சம்தான்) அதே தவணை சுமார் 5,300. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்கல்விக்கு, தவணை தொடங்கும்வரை ஓடும் இந்த வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது. அதற்குத் தர அங்கீகாரம் பெற்ற கல்லூரியாக இருக்க வேண்டும். கல்லூரியைத் தேர்வு செய்யும்போதே இதைப் பார்த்துவிடுங்கள்.

உங்களையும் கடன்தாரராகச் சேர்த்துத்தான் கடன் தருவார்கள், அதனால் உங்கள் பழைய கடனையும் பார்ப்பார்கள். சரக்கு எடுக்க வாங்கிய குழுக் கடனில் தவணை நின்றிருந்தால் முதலில் அதை நேர் செய்யுங்கள்.

சில வருடங்களுக்கு முன் இதே அவசரத்தில் ஒரு குடும்பம் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் என்னிடம் வந்தது. கவுன்சலிங்கில் நல்ல கல்லூரி கிடைத்தது, ஆனால் அசல் சான்றிதழ்கள் பழைய இடத்தில் மாட்டிக்கொண்டன. வகுப்பு தொடங்குமுன் விலகினால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, சான்றிதழை வைத்துக்கொள்ளவும் கூடாது என்று பொறியியல் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ-யின் விதி சொல்கிறது. விதியைக் காட்டிக் காட்டி நாங்கள் நடந்த நடை எங்களுக்குத்தான் தெரியும்.

திங்கட்கிழமை கடையை மதினியிடம் விட்டுவிட்டு இ-சேவை மையத்துக்குப் போங்கள். வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று இரண்டுக்கும் அன்றே விண்ணப்பித்துவிடுங்கள். புதன்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவளுக்கு எந்தப் பாடம் பிடிக்கும் என்று நேற்று நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்க மறந்துவிட்டேன்.