அபார்ட்மென்ட் கேட்டில் ஆதாரும் முகப்பதிவும் கேட்கலாமா?

கேள்வி: பெங்களூரு வொயிட்ஃபீல்டில் நண்பர்கள் சிலர் சேர்ந்து சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். அபார்ட்மென்ட் கேட்டில் வருவோர் போவோரைப் பதிவு செய்யும் ஆப்தான் எங்கள் தயாரிப்பு. சர்ஜாபூர் ரோட்டில் ஒரு பெரிய குடியிருப்பின் அசோசியேஷன் எங்களுக்கு ஆர்டர் தரத் தயாராக இருக்கிறது. ஆனால், வீட்டு வேலைக்கு வரும் பெண்களின் ஆதார் நகலும் முகப்பதிவும் வேண்டும், யார் எந்த வீட்டில் எத்தனை மணிக்கு இருக்கிறார் என்பது எல்லாக் குடியிருப்பாளர்களுக்கும் தெரிய வேண்டும், ஸ்டார் ரேட்டிங்கும் வேண்டும் என்கிறார்கள். நாளை பிரச்சினை வந்தால் மாட்டுவது நாங்களா, அவர்களா? டிசைனில் எதை மாற்ற வேண்டும்?

பதில்: கோடிங் தொடங்கும் முன்பே கேட்டீர்கள், நல்லது. ஆப் ஓட ஆரம்பித்து ஆயிரம் பேரின் ஆதார் சர்வரில் ஏறிய பிறகு வந்திருந்தால், இந்தப் பதிலில் பாதி உங்களுக்குப் பயன்பட்டிருக்காது.

யார் மாட்டுவார் என்பதை முதலில் பார்ப்போம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தரவை எதற்காக, எப்படிப் பயன்படுத்துவது என்று முடிவு செய்பவர்தான் பொறுப்பாளர். அசோசியேஷன் சொன்னதை மட்டும் செய்து கொடுத்தால் நீங்கள் அவர்களுடைய பிராசஸர், அதாவது அவர்கள் சார்பில் தரவைக் கையாள்பவர். பாதுகாப்பு ஏற்பாட்டில் கோட்டை விட்டதற்கான அபராதம், 250 கோடி ரூபாய் வரை, பொறுப்பாளரைத்தான் தேடிப் போகும். ஆனால் ஒரு குடியிருப்பில் வாங்கிய ரேட்டிங்கை அடுத்த குடியிருப்பிலும் காட்டினாலோ, அந்தத் தரவை வைத்து விளம்பரம் பிடித்தாலோ, முடிவெடுப்பவர் நீங்கள் ஆகிவிடுகிறீர்கள். அப்புறம் ‘நாங்கள் வெறும் சாஃப்ட்வேர் கம்பெனி’ என்ற வாதம் நிற்காது.

இந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள், அதாவது 2027 மே வரை. அதுவரை கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு அதுவரை உயிரோடு இருக்கிறது. அதன் கீழ் வந்த 2011 விதிகளில் முக அமைப்பும் கைரேகையும் உணர்திறன் மிக்க தகவல் என்றே சொல்லப்பட்டிருக்கிறது. எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் அதை வாங்கக் கூடாது. அலட்சியத்தால் ஒருவருக்கு இழப்பு வந்தால் நஷ்டஈடு கொடுப்பதும் நீங்கள்தான். கேட் வழியாக உள்ளே விட ஒரு கியூஆர் பாஸும் போட்டோவும் போதும் என்னும்போது முகப்பதிவு எதற்கு? அதை எடுத்துவிடுங்கள் என்பதே என் ஆலோசனை.

ஆதார் விஷயத்தில் இன்னும் தெளிவாகச் சொல்கிறேன். கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி 2012-இல் தொடுத்த வழக்கே ஆதாரை எதிர்த்துத்தான். அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 2018 செப்டம்பரில், தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் பேரில் ஆதாரைப் பயன்படுத்த வழிவிட்ட பகுதியை உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஒரு அசோசியேஷன் ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது. ஒருவர் தானாக முன்வந்து காட்டினால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். ‘பார்த்தாயிற்று’ என்று ஒரு டிக், அவ்வளவுதான். நகல் உங்கள் சர்வருக்குள் வரவே கூடாது. போலீஸ் கேட்கிறது என்று அசோசியேஷன் சொன்னால், அந்த உத்தரவை எழுத்தில் கேளுங்கள்.

‘அவர்கள்தான் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்களே’ என்பார்கள். ஈஜிபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பெண்ணிடம், கையெழுத்துப் போட்டால்தான் கேட் திறக்கும் என்று சொல்லி வாங்குவது எந்த விதத்தில் சம்மதம்? சம்மதம் சுதந்திரமானதாக, நிபந்தனையற்றதாக, தேவையான தரவுக்கு மட்டும் இருக்க வேண்டும் என்று தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டமே ஒரு உதாரணமும் தருகிறது: மருத்துவ ஆலோசனை ஆப் ஒன்று போனிலுள்ள தொடர்பு எண்களையும் கேட்கிறது, பயனரும் சம்மதிக்கிறார். ஆலோசனைக்கு அந்த எண்கள் தேவையில்லை என்பதால் அந்தச் சம்மதம் அவற்றுக்குச் செல்லாது. அதே தர்க்கம் உங்கள் கேட்டுக்கும் பொருந்தும். இன்னொன்று, எந்தத் தரவை எதற்கு வாங்குகிறீர்கள் என்று சொல்லும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். அங்கே வேலைக்கு வருபவர்களுக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு, வங்காளம் எல்லாம் தேவைப்படும். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு குரல்பதிவும் வையுங்கள். சட்டம் அதைக் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.

இனி அந்தத் திரை. நீங்கள் சொன்னபடி செய்தால் குடியிருப்பாளரின் போனில் இப்படித் தெரியும்: ஒரு பெண்ணின் பெயர், போட்டோ, 7.10-க்கு உள்ளே, 7.15 பி பிளாக் மூன்றாம் மாடி, 9.40 டி பிளாக், 12.05 வெளியே, மூன்று ஸ்டார். ஒருநாள் தாமதமாக வந்ததற்காக யாரோ போட்ட மூன்று ஸ்டார், அவரை அறியாத நூற்றுக்கணக்கானோருக்குத் தெரிகிறது. அவருக்கோ யார் போட்டது, ஏன் போட்டது என்று கேட்க வழியில்லை. அந்தத் தரவுக்கு உரியவர் அவர். தன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கவும், திருத்தச் சொல்லவும், அழிக்கச் சொல்லவும் ஃபிளாட் உரிமையாளருக்கு உள்ள அதே உரிமை அவருக்கும் இருக்கிறது. தன் வீட்டு வேலைக்காரரின் நம்பரை ஒருவர் சொந்த போனில் வைத்துக்கொள்வது வீட்டுப் பயன்பாடு, சட்டம் அதில் தலையிடாது. உங்கள் ஆப்புக்கு அந்த விலக்கு கிடையாது.

ஆகவே, தன் வீட்டுக்கு வருபவர் வந்தாரா என்பது மட்டும் அந்தந்த வீட்டுக்குத் தெரியட்டும். செக்யூரிட்டிக்குப் போட்டோவும் பாஸ் செல்லுமா என்பதும் போதும். ரேட்டிங்கை விட்டுவிடுங்கள். திரையில் மறைத்துவிட்டு, பின்னால் ஏபிஐ (ஆப்பும் சர்வரும் பேசிக்கொள்ளும் இணைப்பு) வழியாக முழு விவரத்தையும் எல்லோர் போனுக்கும் அனுப்பும் ஆப்கள் உண்டு. அது மறைப்பே அல்ல. யாருக்கு எது போகலாம் என்ற கட்டுப்பாடு சர்வரில் இருக்க வேண்டும். குறியாக்கம், அணுகல் கட்டுப்பாடு, யார் எதைப் பார்த்தார் என்ற லாக், பேக்கப் எல்லாம் 2025 விதிகளிலேயே உள்ள கடமைகள்.

எவ்வளவு நாள் வைத்திருப்பது என்பதில் கவனம் வேண்டும். செயலாக்கிய தரவையும் லாக்கையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. முப்பது நாளில் ஆப்பின் பார்வையிலிருந்து எடுத்துவிட்டு, ஓராண்டு வரை தனியாகப் பூட்டி வைத்து, பிறகு அழிப்பது சரியான வழி. ஆதார் நகல் வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். வாங்கினால் ஓராண்டு அதைக் காவல் காக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று: குழந்தை கேட்டைத் தாண்டினால் பெற்றோருக்குத் தகவல் போகும் வசதி வைப்பதாக இருந்தால், 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைகள்தான். சரிபார்க்கக்கூடிய பெற்றோர் சம்மதம் வேண்டும். கண்காணிப்புக்கும் இலக்கு வைத்த விளம்பரத்துக்கும் தடை இருக்கிறது. முதல் பதிப்பில் அந்த வசதி வேண்டாம்.

தரவு கசிந்தால், இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்பது 2022-லிருந்தே நடைமுறை. புதிய விதிகள் அமலுக்கு வந்ததும், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமின்றியும், தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு முழு விவரத்துடன் 72 மணி நேரத்துக்குள்ளும் பொறுப்பாளர் தெரிவிக்க வேண்டும். கசிவை நீங்கள் எத்தனை மணி நேரத்தில் அசோசியேஷனிடம் சொல்வீர்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பிராசஸரை எழுத்து ஒப்பந்தத்தோடு அமர்த்தினால் பின்னால் இருவருக்கும் வாய்த்தகராறு வராது. எந்தத் தரவு, எதற்காக, அசோசியேஷன் வேறு ஆப்புக்கு மாறினால் யார் அழிப்பது என்பதும் அதில் வரட்டும்.

அசோசியேஷன் ஆதாரிலும் முகப்பதிவிலும் பிடிவாதமாக இருந்தால், மேலே சொன்ன பிரிவுகளைக் குறிப்பிட்டு உங்கள் ஆட்சேபணையை மெயிலில் அனுப்புங்கள். பொறுப்பாளர் என்ற முறையில் அபராதம் அவர்கள் பெயரில் வரும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதன் பிறகும் மாறவில்லை என்றால் இந்த ஆர்டரை எடுக்க வேண்டாம்.