காடு யாருடையது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வர்ஜீனியாவின் லௌடன் கவுண்டியில், ஆஷ்பர்னில் வாடகைக்கு இருக்கிறோம். பிராம்பிள்டன் பக்கம் ஒரு டவுன்ஹவுஸ் பார்த்திருக்கிறோம். நல்ல பள்ளி, வீட்டுக்குப் பின்னால் அடர்ந்த மரங்கள். இப்போது விட்டால் விலை எட்டாது என்கிறார் ஏஜென்ட். அலுவலகத்தில் நம்மவர்கள் எல்லோரும் வாங்கிவிட்டார்கள். கிரீன் கார்டு வரட்டும் என்கிறாள் மனைவி. நீங்களும் இதே கவுண்டியில் இருப்பவர். வாங்கலாமா?

– ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த மரங்கள்தான். அந்த நிலம் யாருடையது என்று நீங்கள் எழுதவில்லை. விசாரித்தீர்களா?

1970இல் இந்தக் கவுண்டியின் மக்கள்தொகை சுமார் 37,000. 2020 கணக்கெடுப்பில் நான்கு லட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. நாம் குடியிருக்கும் கிழக்குப் பகுதி முழுவதும் பண்ணையாகவும் காடாகவும் இருந்த நிலம். இங்கே வேலிக்கு அப்பால் தெரியும் பச்சை பலசமயம் அனுமதிக்குக் காத்திருக்கும் மனைதான். அதில் வீடுகள் வந்தால் பரவாயில்லை. டேட்டா சென்டர், அதாவது இணையத்துக்கான கணினிகளை அடுக்கிவைக்கும் பெருங்கட்டடம், வந்தால் குளிரூட்டும் விசிறிகளின் இரைச்சல் இரவிலும் ஓயாது. டீசல் ஜெனரேட்டர்களை அவ்வப்போது ஓட்டிப் பார்ப்பார்கள். உயர் அழுத்த மின்கம்பிகள் வேறு வரும்.

அவற்றைத் திட்டவும் எனக்கு வாய் வராது. நூறு டாலர் மதிப்புக்கு 2012இல் 1.235 டாலராக இருந்த வீட்டு வரி 2024இல் 0.865ஆகக் குறைந்ததற்கு, அந்த ஜன்னலில்லாக் கட்டடங்களுக்குள் இருக்கும் கணினிகள் கட்டும் வரி ஒரு முக்கியக் காரணம். (வீட்டு மதிப்பு ஏறிக்கொண்டே போவதால் நம் ரசீதில் அந்த மகிழ்ச்சி அவ்வளவாகத் தெரியாது. காருக்கும் ஆண்டுதோறும் வரி உண்டு, அது உங்களுக்கே தெரியும்.) சில நிலப்பயன்பாட்டு மண்டலங்களில் பொதுமக்கள் கருத்தைக் கேட்காமலே டேட்டா சென்டர் கட்டலாம் என்றிருந்த உரிமையை 2025 மார்ச்சில்தான் கவுண்டி மேற்பார்வைக் குழு நீக்கியது. அதற்கு முன்பே தொடங்கிவிட்ட திட்டங்கள் பல. எனவே சமையலறைக் கல்லைத் தடவிப் பார்ப்பதற்கு முன், கவுண்டியின் இணைய வரைபடத்தில் அந்த நிலத்தின் உரிமையாளரையும் மண்டல வகையையும் பாருங்கள். அது வீட்டு உரிமையாளர் சங்கத்தின் பொது நிலமோ வெள்ளப்படுகையோ என்றால் நல்லது. பக்கத்திலுள்ள டலஸ் (Dulles) விமான நிலையத்தின் இரைச்சல் எல்லையும் வரைபடத்தில் உண்டு.

பள்ளி பற்றி ஒன்று. நல்ல பள்ளி என்று விலையில் ஏற்றித்தான் விற்பார்கள். ஆனால் பள்ளி எல்லை கிரயப் பத்திரத்தில் வராது. புதுப் பள்ளிகள் திறக்கும்போதெல்லாம் எல்லைகளை மாற்றி வரைகிறார்கள்.

உங்கள் மனைவி சொல்வதில் பாதி சரி. கிரீன் கார்டு வரும்வரை காத்திருப்பது என்றால், இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அது பிள்ளைகள் கல்லூரி போகும்வரைகூட நீளலாம். ஆனால் எச்1பி வேலை விசாவில் இருக்கும்போது வேலை போனால் அடுத்த ஏற்பாட்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 60 நாள். அப்போது வீட்டை வாடகைக்கு விட முடியுமா, அந்த வாடகை மாதத் தவணைக்குக் கிட்டவாவது வருமா? வாடகைக்கு விடுவதற்குச் சில வீட்டு உரிமையாளர் சங்கங்கள் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. சங்கத்தின் ஆவணக் கட்டு கைக்கு வந்ததும் அதைப் படித்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலக வர்ஜீனியா சட்டம் பொதுவாக 3 நாள் தருகிறது. அந்த நாட்களில் விருந்துக்கு யாரையும் அழைக்காதீர்கள். உட்கார்ந்து படியுங்கள், குறிப்பாகப் பெரிய பழுதுகளுக்கென்று சங்கம் ஒதுக்கிவைத்திருக்கும் சேமநிதிக் கணக்கை.

அலுவலகத்தார் வாங்கிவிட்டார்கள் என்பதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

பிராம்பிள்டனில்தான் வாங்க வேண்டுமா? ஸ்டெர்லிங் பக்கம் 1960களில் கட்டிய சிறிய வீடுகள் இருக்கின்றன. தாழ்ந்த கூரை, பழைய குழாய்கள். ஆனால் விலை குறைவு, பலவற்றுக்குச் சங்கமே கிடையாது. சுற்றிலும் எல்லாம் கட்டி முடிந்துவிட்டதால் பின்னால் என்ன வரும் என்ற கவலையும் குறைவு. மனைவியோடு ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள், ஏஜென்ட் வேண்டாம்.