பழைய கம்ப்யூட்டர், குறைஞ்ச காசு, ஓட வேண்டிய கேம்: டெல்டாக்காரங்க கேள்விகளும் பதில்களும்

தஞ்சாவூர்ல அசெம்பிளிங்கும் சர்வீஸும் பார்க்கிறேன். பழைய கம்ப்யூட்டர்ல கேம் நல்லா ஓட எதை மாத்துறதுன்னு சுத்துவட்டாரத்துலேர்ந்து நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஊர்ப் பேர மட்டும் போட்டுப் பதில் எழுதுறேன்.

பாபநாசம், கல்லூரி மாணவர்: அண்ணா, ஐ5-3470, எச்61 போர்டு, 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், ஜிடி 710 கிராஃபிக்ஸ் கார்டு, ஹார்டு டிஸ்க். ஜிடிஏ 5 திக்கித் திக்கி ஓடுது. கையில 10,000 ரூபாய் இருக்கு. ப்ராசஸர மாத்தவா, ரேம் போடவா?

தம்பி, காசை எடுக்கிறதுக்கு முன்னாடி அரைமணி நேரம் செலவு பண்ணுங்க. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. அதைப் போட்டு, கேம் ஓடும்போதே கார்டு எத்தனை சதவீதம், ப்ராசஸர் எத்தனை சதவீதம்னு ஸ்கிரீன் மூலையில காட்ட வைங்க. கார்டு 97, 98-லயே நின்னா தடை கார்டுல. கார்டு 60-ல இருக்க, ப்ராசஸர் 100-ஐத் தொட்டா தடை ப்ராசஸர்ல. இன்னொரு சோதனை: ரெசல்யூஷனை 1080-லேர்ந்து 720-க்கு இறக்குங்க. எஃப்பிஎஸ் (ஒரு செகண்டுக்கு ஸ்கிரீன்ல வர்ற படங்களோட எண்ணிக்கை) சட்டுனு ஏறினா கார்டைத்தான் மாத்தணும். அசையவே இல்லன்னா ப்ராசஸர். வாய்க்கால்ல அடைப்பு ஒரு இடத்துல, தூர்வாரினது வேற இடத்துலன்னா கடைமடைக்குத் தண்ணி வராது. நம்மூர் ஆளுக்கு இதை விளக்க வேண்டியதில்ல.

உங்க மெஷின்ல சோதிச்சாலும் கார்டுன்னுதான் வரும். ஜிடி 710 டிஸ்பிளே வர்றதுக்கான கார்டு, கேமுக்கு ஆனதில்ல. செகண்ட் ஹேண்ட்ல ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, முடிஞ்சா ஜிடிஎக்ஸ் 1650, ரெண்டுமே 4 ஜிபி. 75 வாட்டுக்குள்ள இருக்கிறதால ஸ்லாட்டுல வர்ற கரண்டே போதும். 1650-ல சில மாடலுக்குத் தனியா 6 பின் கேபிள் கேட்கும். அது இல்லாத மாடலாப் பார்த்து எடுங்க. சில பழைய எச்61 போர்டுல புதுக் கார்டு போட்டா டிஸ்பிளேயே வராது. அதனால பயோஸை (போர்டை இயக்குற அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணிட்டு, "ஓடலன்னா திருப்பிக்கிறேன்"னு கடைக்காரர்கிட்ட ஒப்புத்துக்கிட்டு வாங்குங்க.

மிச்சக் காசுல அதே வகை டிடிஆர்3 ரேம் இன்னொரு ஸ்டிக். ஒத்த ஸ்டிக்ல ஓடுறதும் ஜோடியா ஓடுறதும் ஒண்ணில்ல. ப்ராசஸருக்கு டேட்டா போற வழி ரெண்டு மடங்கு ஆகுது. ப்ராசஸரை அப்புறம் பார்த்துக்கலாம். அதே 1155 சாக்கெட்டுல ஐ7-3770 உட்காரும், 4 கோர் 8 த்ரெட். இப்ப அவசரம் இல்ல.

நீடாமங்கலம்: மூணாம் தலைமுறை ஐ5-ல நண்பர் ஒருத்தர் விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்தார். வேலரன்ட் கேமைத் திறந்தா வேன் 9001-னு எரர். கார்டு மாத்தினா சரியாகுமா?

ஆகாது. விண்டோஸ் 11-ல வேலரன்ட் ஓடணும்னா டிபிஎம் 2.0-வும் (பாதுகாப்புச் சிப்) செக்யூர் பூட்டும் (ஆன் ஆகும்போது நம்பகமான சாஃப்ட்வேரை மட்டும் ஓடவிடுற வசதி) வேணும். உங்க போர்டுல டிபிஎம் 2.0 கிடையாது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி விண்டோஸ் 11-க்கு இன்டெல்ல எட்டாம் தலைமுறையிலேர்ந்துதான் தகுதி. உங்களுக்குக் குறுக்கு வழியில போட்டிருக்காங்க. விண்டோஸ் 10-க்குத் திரும்பினா அந்த எரர் போகும். ஆனா 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிஞ்சுபோச்சு. அந்த மெஷின்ல நெட் பேங்கிங் வச்சுக்காதீங்க.

மன்னார்குடி: அண்ணே, ஆர்எக்ஸ் 580 பழைய கார்டு வாங்கினேன். கேம் ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல கம்ப்யூட்டர் பட்டுனு ஆஃப் ஆகுது. எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) 450 வாட். கார்டு போச்சா?

கார்டைக் குறை சொல்றதுக்கு முன்னாடி சைடு கதவைக் கழட்டி எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் படிங்க. பெரிய எழுத்துல இருக்கிற 450-ஐ விடுங்க. கீழே சின்னதா ஒரு கட்டம் இருக்கும், அதுல +12வி-க்கு நேரா எத்தனை ஆம்பியர்னு போட்டிருக்கும். அதை 12-ஆல பெருக்குங்க. 15 ஆம்பியர்னா 180 வாட். ப்ராசஸரும் கார்டும் சாப்பிடுறது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்லேர்ந்துதான். ஆர்எக்ஸ் 580 ஒண்ணுக்கே 185 வாட், அதுக்கு மேல ப்ராசஸர் இருக்கு. கேபினெட்டோட சேர்ந்து வர்ற எஸ்எம்பிஎஸ் நிறைய இந்தக் கணக்குலதான் இருக்கு. கையில தூக்கினாலே காத்தா இருக்கும்.

உறுதி பண்ணிக்க, எச்டபிள்யூ இன்ஃபோங்கிற சாஃப்ட்வேர் போட்டு வெப்பத்தைப் பாருங்க. 90 டிகிரிய நெருங்கி ஆஃப் ஆனா சூடு பிரச்சனை. 65, 70-ல இருக்கும்போதே ஆஃப் ஆனா பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ். நல்ல கம்பெனியோட 500 அல்லது 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காததுக்கான தரச் சான்று) வாங்குங்க. ஹார்டு டிஸ்க் வயரிலேர்ந்து 8 பின்னுக்கு மாத்துற கன்வெர்ட்டரை மட்டும் போடவே போடாதீங்க. அந்த வயர் இவ்வளவு லோடு தாங்காது. பின் உருகிக் கருகி என் மேசைக்கு வந்த கார்டுகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டமா இருக்கும். பையன் மாசக்கணக்காச் சேர்த்த காசு அது. எல்லாரும் கார்டுக்குக் கொட்டிட்டு எஸ்எம்பிஎஸ்ல மிச்சம் பிடிக்கிறாங்க, நான் தலைகீழாப் பண்ணச் சொல்றேன். நல்ல எஸ்எம்பிஎஸ் அடுத்து நீங்க வாங்கப்போற மெஷினுக்கும் அப்படியே போகும்.

அப்புறம் வீட்டு எர்த்திங். கேபினெட்டைத் தொட்டா சுருக்குனு அடிக்குதுன்னா எர்த் சரியில்ல, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. பம்புசெட் ஓடுற நேரத்துல வோல்டேஜ் இறங்குற ஊர்னா, ஸ்டிக்கர்ல 100-240 வோல்ட்னு போட்ட எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்கும்.

இன்னொண்ணு: ஆர்எக்ஸ் 580-ல 2048எஸ்பின்னு ஒரு குறைச்ச வகை உண்டு. ஜிபியு-இசட் சாஃப்ட்வேர்ல ஷேடர் (கார்டுக்குள்ள கணக்குப் போடுற சின்ன யூனிட்) எண்ணிக்கை 2304 காட்டினா முழுக் கார்டு. 2048-னா நீங்க வாங்கினது உள்ளுக்குள்ள ஆர்எக்ஸ் 570 மாதிரிதான்.

கும்பகோணம்: ஆபீஸ்ல கழிச்ச டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020, ஒல்லி மாடல், ஐ5-4570. இதுல கேமிங் கார்டு போட முடியுமா?

முடியும், ஆனா பாதி உயரக் கார்டு மட்டும். லோ ப்ரொஃபைல்னு கேட்டு வாங்குங்க, சின்னத் தகடும் கூட வரணும். எஸ்எம்பிஎஸ் கம்பெனி அளவு, வெளியில வாங்கிப் போட முடியாது. அதனால 75 வாட்டைத் தாண்டாதீங்க. ரெண்டு ஸ்லாட் அகலம் உள்ளே உட்காருமான்னு ஸ்கேல் வச்சு அளந்துட்டுக் காசு கொடுங்க.

ஆர்எக்ஸ் 6400 உயரத்துக்குப் பொருந்தும், ஆசை காட்டும். ஆனா அது நாலு லேன்லதான் (டேட்டா போற பாதை) ஓடுது. பிசிஐஇ (கார்டு மாட்டுற ஸ்லாட்டோட வகை) 4.0 உள்ள போர்டுல பரவாயில்ல. உங்களோடது 3.0, வேகம் அடிபடும். ஜிடிஎக்ஸ் 1650 லோ ப்ரொஃபைல் கிடைச்சா அதுதான் சரி. இன்டெல் ஆர்க் கார்டும் வேண்டாம். அதுக்கு ரீசைசபிள் பார் (கார்டு மெமரி முழுசையும் ப்ராசஸர் ஒரே தடவையில எட்டுற வசதி) வேணும், உங்க தலைமுறைல அது வராது.

திருவாரூர்: வீட்டுப் பக்கத்துல ரைஸ் மில். கேம் முதல் இருபது நிமிஷம் நல்லாப் போகும், அப்புறம் எஃப்பிஎஸ் பாதியாயிடும்.

ப்ராசஸர் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைச்சுக்குது. இதுக்கு எந்தப் பார்ட்டும் வாங்க வேண்டாம். கூலர் மேல இருக்கிற ஃபேனைக் கழட்டிப் பாருங்க. இறக்கைகளுக்கும் அலுமினியப் பட்டைகளுக்கும் நடுவுல உமித் தூசி கம்பளித் துண்டு மாதிரி படிஞ்சிருக்கும், நகத்தால உரிச்சா அப்படியே ஒரே தகடா வரும். வாசல்ல கொண்டுபோய் புளோயர் அடிங்க. அடிக்கும்போது ஃபேன் சுத்தாம விரலால பிடிச்சுக்கணும், இல்லன்னா பேரிங் போயிடும்.

ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவுல இருக்கிற பழைய பேஸ்டைத் துடைச்சுட்டுப் பட்டாணி அளவு புதுசா வைங்க. இன்டெல் கூலருக்கு நாலு மூலையிலயும் பிளாஸ்டிக் பின் இருக்கும். எதிரெதிர் மூலையா அழுத்துங்க, ஒவ்வொண்ணும் 'டக்'குனு சத்தம் கேட்கணும். அப்புறம் போர்டுக்குப் பின்னாடி திருப்பிப் பாருங்க: நாலு வெள்ளைப் பின்னும் ஓட்டையைத் தாண்டி, நடுவுல கறுப்புக் குச்சியோட விரிஞ்சு நிக்கணும். ஒண்ணு பாதியில நின்னாலும் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கும், எவ்வளவு நல்ல பேஸ்ட் வச்சாலும் பலன் இல்ல. சூடுன்னு சர்வீஸுக்கு வர்ற மெஷின்ல இதை அடிக்கடி பார்க்கிறேன். உங்க ஊர்ல அறுவடை முடியற ஒவ்வொரு தடவையும் சுத்தம் பண்ணிடுங்க.

நாகப்பட்டினம்: கார்டு சில நாள் வேலை செய்யுது, சில நாள் டிஸ்பிளே இல்ல.

உப்புக் காத்து. கார்டையும் ரேமையும் கழட்டி, தங்க நிறப் பட்டையை வெள்ளை ரப்பரால மெதுவாத் தேய்ச்சு, துகளைத் தட்டிட்டு மாட்டுங்க. பெரும்பாலும் சரியாகும்.

மயிலாடுதுறை, மாணவி: அண்ணா, ஸ்கூல்ல கொடுத்த அரசு லேப்டாப்தான் இருக்கு. 4 ஜிபி ரேம். ஏதாவது பண்ண முடியுமா?

அதுல கிராஃபிக்ஸ் மாத்த முடியாதும்மா. பின் மூடியைத் திறந்து ரேம் ஸ்லாட் காலியா இருக்கான்னு பாருங்க. இருந்தா, இருக்கிற ரேம் ஸ்டிக்கர்ல உள்ள அதே வகையில 4 ஜிபி சேருங்க. ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி. எஃப்பிஎஸ் அதால ஏறாது, ஆனா விண்டோஸ் திறக்கிறதும் கேம் லோடு ஆகுறதும் வேற மெஷின் மாதிரி தெரியும். பழைய கேம்களை 720-ல விளையாடலாம். படிப்பு வேலைக்கும் அந்தச் செலவு வீண் போகாது.

பட்டுக்கோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: தம்பி, பேரனுக்காகக் கேட்கிறேன். 2011-இல் வாங்கிய ஐ3-2100 இருக்கிறது. 25,000 ரூபாய் ஒதுக்க முடியும். இதையே மேம்படுத்தலாமா?

வேண்டாங்கய்யா. ரெண்டு கோர் ப்ராசஸர், இப்ப வர்ற கேமுக்கு எந்தக் கார்டு போட்டாலும் அது இழுத்துப் பிடிக்கும். மானிட்டர், கீபோர்டு, மௌஸை மட்டும் வச்சுக்கிட்டு, பி450 அல்லது பி550 போர்டுல ரைசன் 5 5600ஜி போடுங்க. அதுக்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கு, கார்டு இல்லாமலே வேலரன்ட், ஜிடிஏ 5 எல்லாம் விளையாடலாம். ரேம் கட்டாயம் ரெண்டு ஸ்டிக், 8 + 8. ஒத்த ஸ்டிக் போட்டா இந்த மாதிரி ப்ராசஸர்ல கிராஃபிக்ஸ் வேகம் ரொம்ப விழும். 2025 கடைசியிலேர்ந்து ரேம் விலை ஏறிக்கிடக்கு. செகண்ட் ஹேண்ட் டிடிஆர்4 வாங்கலாம், தப்பில்ல. நல்ல எஸ்எம்பிஎஸ் போட்டு வச்சா, பேரன் அடுத்த வருஷம் கார்டு சேர்த்துக்கலாம். கார்டையும் கூடவே வாங்குற எண்ணம் இருந்தா ஜி இல்லாத 5600 வாங்குங்க (அதுக்குள்ள கிராஃபிக்ஸ் இல்ல, கார்டு இல்லாம டிஸ்பிளே வராது), அதுல கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிற வேக மெமரி) 32 எம்பி. ஜி-ல 16 எம்பிதான்.

வல்லம்: செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்க உழவன் எக்ஸ்பிரஸ்ல சென்னை போய் ரிச்சி ஸ்ட்ரீட் பார்க்கலாமா, திருச்சி போதுமா?

ஒரு கார்டுக்காகன்னா திருச்சியே போதும், கெட்டுப்போனா திரும்பிப் போய்க் கேட்கலாம். எங்க வாங்கினாலும் கடையிலேயே ஃபர்மார்க்னு கார்டைச் சோதிக்கிற சாஃப்ட்வேரைப் பத்து பதினைஞ்சு நிமிஷம் ஓடவிட்டுப் பாருங்க. ஸ்கிரீன்ல புள்ளி, கோடு வருதா, ஃபேன் ஆடுதான்னு கவனிங்க. எச்டிஎம்ஐ, டிஸ்பிளே போர்ட் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா மாட்டிப் பாருங்க. திருகாணி தலை தேய்ஞ்சிருந்தா யாரோ திறந்திருக்காங்க. பேஸ்ட் மாத்தவா, ரிப்பேருக்கான்னு நேரடியாக் கேளுங்க. சீரியல் நம்பர் ஸ்டிக்கர் இல்லாத கார்டை எடுக்காதீங்க.

திருத்துறைப்பூண்டி: கையில காசே இல்லண்ணா. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஐ5-6500, 16 ஜிபி. இதையே வச்சு ஏதாவது?

நல்ல மெஷின்தான் வச்சிருக்கீங்க. ஷேடோவை லோவுக்கு இறக்குங்க, டெக்ஸ்ச்சரை மீடியத்துல விடுங்க. 4 ஜிபி அதுக்குப் போதும். கேம்ல எஃப்எஸ்ஆர் (படத்தைச் சின்னதா வரைஞ்சு பெருசாக்கிக் காட்டுற வசதி) இருந்தா குவாலிட்டி மோடுல போடுங்க. அது ஏஎம்டியோடதுன்னாலும் பல கேம்கள்ல உங்க என்விடியா கார்டுலயும் ஓடும். விண்டோஸ் பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸ்ல வைங்க. பயோஸ்ல ரேம் முழு வேகத்துல, 2133-ல ஓடுதான்னு பாருங்க. டிரைவர் மேல டிரைவர் போட்டே வந்திருந்தா, சேஃப் மோடுல டிடியூங்கிற டிரைவர் அழிக்கிற சாஃப்ட்வேர் வச்சு மொத்தமா அழிச்சுட்டு ஒரு தடவை புதுசாப் போடுங்க. போட்டதும் முதல்ல சொன்ன அரைமணி நேரச் சோதனையைப் பண்ணி, அந்த எண்களை எனக்கு அனுப்புங்க.