பூமியை எந்தத் தராசில் வைத்தார்கள்?

கேள்வி: மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். 60, 70 கிலோ மூட்டைக்கே தராசு வேண்டியிருக்கிறது. பையனின் புத்தகத்தில் பூமியின் நிறை என்று 6-க்குப் பின்னால் 24 பூஜ்யம் போட்டு, கிலோ என்று எழுதியிருக்கிறார்கள். அதை யார், எப்படி நிறுத்தார்கள்?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: நீங்கள் மண்டியில் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். ஒரு தட்டில் தெரிந்த எடைக்கல், மறு தட்டில் தெரியாத சரக்கு. பூமிக்கு முதலில் எடைக்கல்லாக எடுத்துக்கொண்டது ஒரு மலையை.

கொத்தனார் சுவரில் தூக்குக்குண்டு பிடிப்பார் இல்லையா, அந்தக் குண்டு நேராகத் தொங்குவது பூமி இழுப்பதால். பக்கத்தில் பெரிய மலை இருந்தால் அதுவும் கொஞ்சம் தன் பக்கம் இழுக்கும், நூல் மயிரிழை சாயும். எவ்வளவு சாய்கிறது என்று அளந்துவிட்டால் பூமி அந்த மலையைப் போல எத்தனை மடங்கு என்று கணக்குப் போடலாம். நியூட்டனே இதை யோசித்து, இவ்வளவு சிறிய சாய்வை அளக்க முடியாது என்று விட்டுவிட்டார். 1738-ல் பிரெஞ்சு விஞ்ஞானி பியர் பூகே தென் அமெரிக்காவின் சிம்பராசோ மலையில், அந்தக் குளிரில் ஏறி நின்று முயன்றார். சாய்வு இருப்பது தெரிந்தது, ஆனால் கிடைத்த அளவு நம்பும்படி இல்லை.

அப்புறம் 1774-ல் இங்கிலாந்து வானியலாளர் நெவில் மாஸ்கலைன், ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலைக்குப் போனார். நம் சிவன்மலை மாதிரி தனித்து நிற்கும் மலை, அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். மலையின் வடக்கிலும் தெற்கிலும் கூடாரம் போட்டு, மேகம் விலகும்போதெல்லாம் நட்சத்திரங்களை வைத்து நூலின் சாய்வைப் பார்த்தார். ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் அதில் 11.6 பங்கு, அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து. ஒரு மீட்டர் நூலில் குண்டு ஒரு பக்கமாக 0.03 மில்லிமீட்டர்கூட நகராது! இதைப் பிடித்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்பாக இருக்கிறது.

மலையின் எடையைக் கணக்கிட்டவர் கணித அறிஞர் சார்லஸ் ஹட்டன், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். சர்வே எண்கள் மலைபோல் குவிந்திருந்ததால், ஒரே உயரமுள்ள புள்ளிகளை வரைபடத்தில் கோட்டால் இணைத்துப் பார்த்தார். இன்று சர்வே வரைபடங்களில் இருக்கும் சமஉயரக் கோடுகளை அப்படிப் பயன்படுத்திய முன்னோடிகளில் அவரும் ஒருவர். விடை: பூமி தண்ணீரைப் போல 4.5 மடங்கு அடர்த்தி.

ஆனால் மலைக்குள் என்ன கல் இருக்கிறது என்பது ஊகம்தானே. எடைக்கல்லிலேயே சந்தேகம் என்றால் எடையை எப்படி நம்புவது? ஆங்கில விஞ்ஞானி ஹென்றி கேவண்டிஷ் 1797, 98-ல் மலைக்குப் பதில் ஈயக் குண்டு வைத்தார். இன்னொரு ஆங்கில விஞ்ஞானி ஜான் மிச்செல் வடிவமைத்துவிட்டு, பயன்படுத்தும் முன்பே இறந்துபோன கருவி அது. ஆறடி மரக்கோலின் இரு முனைகளிலும் சின்ன ஈயக் குண்டுகள், கோல் மெல்லிய கம்பியில் தொங்கும். பக்கத்தில் தலா 158 கிலோ எடையுள்ள இரண்டு பெரிய குண்டுகள், ஒவ்வொன்றும் உங்கள் மஞ்சள் மூட்டை இரண்டுக்கு மேல். ஆள் பக்கத்தில் நின்றால் உடல்சூட்டில் காற்று அசையும் என்று அறையைப் பூட்டிவிட்டு, வெளியிலிருந்து தொலைநோக்கி வழியாகக் கோல் திரும்புவதைப் பார்த்தார். அவருக்குக் கிடைத்த அடர்த்தி தண்ணீரைப் போல 5.48 மடங்கு, இன்றைய அளவு 5.51. பூமியின் சுற்றளவு முன்பே தெரியும், அதிலிருந்து கன அளவு வந்துவிடும், அடர்த்தியையும் கன அளவையும் பெருக்கினால் புத்தகத்தில் இருக்கும் அந்த எண்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் 1,000 அடி போர் போட்டும் வெறும் கல்தூள்தான் வந்தது. கல் தண்ணீரைப் போல 2.7 மடங்குதான் என்கிறார்கள். அப்படியானால் 5.5 எப்படி?
– ஒரு வாசகி, திருச்செங்கோடு

பதில்: நல்ல கேள்வி, அந்தக் காலத்திலேயே ஹட்டனும் இதைத்தான் கவனித்தார். மேலே இருக்கும் கல் 2.7 என்றால், சராசரி 5.5 வருவதற்கு உள்ளே அதைவிட ரொம்பக் கனமான ஏதோ இருந்தாக வேண்டும். உலோகம் என்று அவர் அப்போதே சொன்னார். உள்ளே அப்படி ஒரு கரு இருப்பது பிற்பாடு நிலநடுக்க அலைகளைப் படித்துத் தெளிவானது, அது பெரும்பாலும் இரும்பு, கூடவே நிக்கல். அந்த இரும்புக் கரு தொடங்குவது 2,900 கிலோமீட்டர் ஆழத்தில். உங்கள் போர் இறங்கியது சுமார் 300 மீட்டர்.