மகள் ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்றால்: முதலில் வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

பிளஸ் டூவில் பயாலஜி படித்த மகள் நீட் வேண்டாம், ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஆராய்ச்சிதான் என்று நின்றால் பெற்றோருக்குப் பதற்றம் வருவது இயல்பு. கல்லூரிப் பட்டியலைப் பிறகு பார்ப்போம். அந்த ஆய்வுக்கூடத்தில் தினமும் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்கிறோம். அந்த வேலை பிடித்தால்தான் படிப்பும் பிடிக்கும்.

தோல் செல் தோல் செல்லாகவே இருந்து மடியும் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 2006-இல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஷின்யா யமனகாவும் கசுதோஷி தகாஹாஷியும் 24 மரபணுக்களில் தொடங்கி, ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்து, நான்கே போதும் என்று கண்டார்கள்: ஆக்ட்-4, சாக்ஸ்-2, கே.எல்.எஃப்-4, சி-மிக். இவற்றைச் செலுத்தினால் எலியின் தோல் செல், எந்த உறுப்பின் செல்லாகவும் மாறக்கூடிய கரு ஸ்டெம் செல் போன்ற நிலைக்குத் திரும்புகிறது. அடுத்த ஆண்டே மனிதச் செல்லிலும் செய்தார்கள். யமனகாவுக்கு 2012-இல் நோபல் பரிசு கிடைத்தது.

செய்முறை சமையல் குறிப்பு போலத் தெரியும். பொறுமைதான் அதன் பெரும்பகுதி. இன்று பல கூடங்களில் நான்கு மரபணுக்களையும் சென்டாய் வைரஸில் ஏற்றுகிறார்கள். அது செல்லின் டி.என்.ஏ.வுக்குள் நுழைவதில்லை. முன்பு பயன்படுத்திய ரெட்ரோவைரஸ் நுழைந்து தங்கிவிடும். சி-மிக் புற்றுநோயைத் தூண்டும் மரபணு என்பதால் அது ஆபத்து. வைரஸ் செலுத்தி ஒரு வாரம் கழித்து, புரதம் பூசிய தட்டுக்குச் செல்களை மாற்றி, 37 டிகிரி, 5 சதவீத கார்பன் டை ஆக்சைடில் வைக்கிறார்கள். தினமும் மீடியத்தை, அதாவது செல்லுக்கான ஊட்டத் திரவத்தை, மாற்ற வேண்டும். ஞாயிறும் தீபாவளியும் செல்லுக்குக் கிடையாது. மூன்று நான்கு வாரத்தில், மாறிய செல்கள் பெருகிய திரள்களான காலனிகள் தெரியும். முதல் முறைகளில் பத்தாயிரம் தோல் செல்லில் ஒன்றிலிருந்து பத்து வரைதான் தேறின. இப்போதும் பெரும்பாலான செல்கள் மாறுவதில்லை.

கெட்டுப்போகும் இடங்கள் பல. காலனியைத் தனித்தனிச் செல்லாக உடைத்தால் பெரும்பாலானவை செத்துவிடும். சிறு கொத்தாகப் பிரிக்க வேண்டும், இல்லையென்றால் செல் சாவைத் தடுக்கும் ராக் இன்ஹிபிட்டர் என்ற மருந்தை 10 மைக்ரோமோலார் அளவில் ஒரு நாள் கொடுக்க வேண்டும். மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா புகுந்தால் மீடியம் கலங்காது. செல் சுவர் இல்லாததால் பெனிசிலினும் வேலை செய்யாது. பி.சி.ஆர். போன்ற சோதனையில்தான் பிடிபடும். நெடுநாள் வளர்த்தால் குரோமோசோம் மாறும், குறிப்பாக 20-ஆவது குரோமோசோமின் ஒரு பகுதி பெருகும். அப்படி மாறிய செல் வேகமாக வளர்வதால் 'நன்றாக வளர்கிறது' என்று ஏமாந்துபோகிறார்கள். குரோமோசோம்களைச் சரிபார்க்கும் கேரியோடைப் சோதனை பார்க்காமல் அந்தச் செல்லை நம்பக் கூடாது.

இந்த ஒழுங்கு மகளுக்கு ஒத்துவருமா? ஆம் என்றால் பி.எஸ்சி. பயோடெக்னாலஜி, பயோகெமிஸ்ட்ரி, விலங்கியல், பி.டெக். பயோடெக்னாலஜி எதுவும் சரி. சேர்க்கும் முன் கல்லூரியில் ஒரே கேள்வி கேளுங்கள்: இளநிலை மாணவர் தன் கையால் செல் வளர்க்க விடுவார்களா, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரியா? எங்கள் பார்வையில் தரவரிசையைவிட இந்தப் பதிலுக்கே மதிப்பு அதிகம்.

எழுத வேண்டிய தேர்வுகள்: முதுநிலைக்கு கேட்-பி, ஐ.ஐ.டி. ஜாம், ஆராய்ச்சிக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட். ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர்) உதவித்தொகை 2023 முதல் மாதம் ரூ.37,000. பிளஸ் டூவுக்குப் பிறகு பி.எச்டி. முடிய மொத்தம் பத்து ஆண்டு என்று கணக்கு வையுங்கள். பெங்களூருவின் ஸ்டெம் செல் ஆராய்ச்சி நிறுவனமான இன்ஸ்டெமும், அதன் பிரிவாகச் சி.எம்.சி. வளாகத்தில் இயங்கும் வேலூர் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையமும் இத்துறையின் முக்கிய இடங்கள். இடையில் நின்றாலும் செல் வளர்ப்புக் கை வீண்போகாது. பெங்களூரு, ஹைதராபாத்தில் உயிரி மருந்து தயாரிக்கும் நிறுவனங்களில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு அதே திறமைதான் தேவை.

'ஆறு மாதத்தில் ஸ்டெம் செல் தெரபிஸ்ட்' என்ற சான்றிதழுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். 2017-இன் தேசிய வழிகாட்டுதல்படி ரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகள் முறையான ஆய்வுப் பரிசோதனைக்குள் மட்டுமே நடக்கலாம். அந்தச் சான்றிதழை வைத்து நேர்மையான வேலை கிடைக்காது. அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து, இரண்டாம் ஆண்டில் அறிவியல் அகாடமிகளின் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதம் உண்மையான கூடத்தில் இருந்துவிட்டு வந்தால், தொடர்வதா வேண்டாமா என்று மகளே சொல்லிவிடுவாள்.